தலைக்கு நாலாயிரம்

அந்த எல்லையோர ஊரில் சிகரெட் பிடிப்பவர்கள் மொத்தம் மூன்று பேர்தான். ஒருவர் சலூன்காரர். இன்னொருவர், படகுத்துறையில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். மூன்றாமவர் கஸ்டம்ஸ் சூப்பரின்டெண்ட்; அவர் பிடிப்பது அவருடைய மனைவியைத் தவிர ஊருக்கே தெரியும். இந்த மூன்று பேருக்கும் இருமல் மருந்து ஊற்றிக் கொடுத்தே பாதி வயதைக் கழித்துவிட்ட கம்பவுண்டருக்கு, உலகத்திலேயே அதிகமாகப் புகைக்கிற ஊர் தன் ஊர்தான் என்ற செய்தி ஒரு நாள் காலையில் தொலைபேசியில் வந்தது.

"ஆஸ்பத்திரிங்களா? டாக்டர் இருக்காரா?"

"இல்லைங்க. டாக்டர் போஸ்ட் காலியா இருக்கு."

"எப்பலேர்ந்து?"

"நான் வேலைக்குச் சேரும்போதே காலிதாங்க."

"அப்ப நீங்கதான் பொறுப்பா?"

"பொறுப்பெல்லாம் இல்லைங்க. நான்தான் இருக்கேன்."

பேசியவர் உலகப் புகையிலைக் கண்காணிப்பு மன்றத்தின் செயலாளர். எந்த நாட்டில் எவ்வளவு சிகரெட் செய்கிறார்கள், எந்த எல்லையை எவ்வளவு தாண்டுகிறது, எந்த ஊரில் போய் இறங்குகிறது என்று பார்ப்பது மன்றத்தின் வேலை. இறங்கிய சரக்கை ஊரின் மக்கள்தொகையால் வகுத்துப் பார்த்ததில், இந்த ஊரில் தலைக்கு ஒரு நாளைக்கு நாலாயிரம் சிகரெட் என்று விடை வந்திருந்தது. கைக்குழந்தையையும் சேர்த்து.

"தப்பா டயல் பண்ணிட்டீங்கன்னு நினைக்கிறேன்," என்று கம்பவுண்டர் மரியாதையாகச் சொன்னார்.

"முதல்ல எல்லாரும் இப்படித்தான் மறுப்பாங்க," என்று அதைவிட மரியாதையாகச் சொல்லிவிட்டு மறுமுனை வைத்துவிட்டது.

அன்று மாலை விஷயத்தைக் கேட்ட அவர் மனைவி தையல் மிஷினை நிறுத்தினாள். கணக்கில் அவள் கெட்டி. "நாலாயிரம்னா, ராத்திரி தூங்காம பிடிச்சாலும் ஊசியில நூல் கோக்கற நேரத்துக்குள்ள ஒண்ணு முடிச்சாகணும்ங்க. நான் இன்னைக்கு அஞ்சு ஜாக்கெட் தைச்சிருக்கேன். சமையல் வேற."

"அதான் எனக்கும் புரியல."

"இதுல புரியாம என்ன இருக்கு? லாரிதான்," என்றாள்.

லாரி விஷயம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பக்கத்து நாட்டுத் தொழிற்சாலையில் செய்த சிகரெட், ஏற்றுமதிச் சரக்கு என்று சொல்லி வரி கட்டாமல் தினமும் லாரி ஏறும். இந்த ஊர் கஸ்டம்ஸ் யார்டின் முன்வாசலில் வந்து இறக்குமதி முத்திரை வாங்கிக்கொள்ளும். டிரைவர் முகம் கழுவி, ஒரு டீ குடித்து, கால் நீட்டி உட்கார்ந்து எழுவதற்குள் முத்திரை காய்ந்துவிடும். பிறகு அதே லாரி பின்வாசல் வழியாக ஆற்றோரப் பாதையில் இறங்கி, வந்த நாட்டுக்கே திரும்பிப் போய்விடும். அங்கே அதே சிகரெட் வரி இல்லாத விலைக்கு விற்கும். இது இருட்டில் ஒளிந்து நடக்கிற காரியம்கூட இல்லை. பட்டப்பகலில், மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிடும். ஊருக்கு மிஞ்சுவது டீசல் புகை மட்டும்.

மன்றத்தார் மூன்று கார்களில் வந்து இறங்கினார்கள். தலைமை வகித்த இயக்குநர் அம்மாள் முகக்கவசம் போட்டிருந்தார். பின்னாலேயே ஒரு உதவியாளர் ஆக்சிஜன் உருளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். மடிக்கணினியை மார்போடு அணைத்தபடி புள்ளிவிவர நிபுணர் இறங்கினார். கடைசிக் காரிலிருந்து, முகக்கவசம் இல்லாமல், நல்ல வெள்ளைச் சட்டையில் ஒருவர் சிரித்துக்கொண்டே இறங்கினார். அவர் சிகரெட் கம்பெனியின் சமூகப் பொறுப்புத் துறை மேலாளர். கம்பெனியைக் கண்காணிக்கிற மன்றம் எங்கே போனாலும் கார் ஏற்பாடு கம்பெனியுடையது என்பதால் அவரும் கூடவே வருவது வழக்கமாம்.

இயக்குநர் அம்மாள் முகக்கவசத்தை லேசாக விலக்கி மூச்சை இழுத்துப் பார்த்தார். "வாசனையே வரலையே."

"அதுதான் மேடம் ஆபத்து," என்றார் நிபுணர். "அளவுக்கு மீறிப் போனா மூக்கு மரத்துப்போயிடும்."

அவர்கள் வந்து இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. அம்மாள் அவசரமாகக் கவசத்தை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

கம்பவுண்டர் கையைக் கட்டிக்கொண்டு உண்மையைச் சொன்னார். "மேடம், இங்க பிடிக்கறது மூணே பேர்தான்."

நிபுணர் முகம் மலர்ந்தது. உடனே எதையோ தட்டிப் பார்த்தார். அந்த மூன்று பேரில் ஒருவரையாவது நேரில் காட்டச் சொன்னார். எல்லோரும் சலூனுக்குப் போனார்கள். சலூன்காரர் ஒரு வாடிக்கையாளரின் கன்னத்தில் நுரை பூசிக்கொண்டிருந்தார்.

"ஒரு நாளைக்கு எத்தனை பிடிப்பீங்க?"

"நாலு சார்."

"நாலு ஆயிரமா, நாலு லட்சமா?"

"நாலுங்க. கடை திறந்ததும் ஒண்ணு, மதியம் ரெண்டு, பூட்டும்போது ஒண்ணு."

"ஒளிக்காதீங்க. மொத்தச் சரக்கை மூணு பேருக்குப் பிரிச்சா உங்க பங்குக்கு பதினாறு லட்சம் வருது. ஒரு நாளைக்கு."

சலூன்காரர் கத்தியைக் கீழே வைத்தார். "அப்ப நான் முடி எப்ப சார் வெட்டறது?"

இது நல்ல கேள்வி என்று நிபுணர் ஒப்புக்கொண்டார். அதைத் தனியாக ஆராய வேண்டும் என்றும் சொன்னார். நாற்காலியில் இருந்தவர் நுரை காய்வதாக முனகியதும் எல்லோரும் வெளியே வந்தார்கள்.

இனி கண்ணால் பார்த்தால்தான் நம்புவார்கள் என்று கம்பவுண்டர் அவர்களைக் கஸ்டம்ஸ் யார்டுக்கு அழைத்துப்போனார். வாசலில் எடைமேடை. அதை இயக்குகிறவன் அவருடைய மச்சினன், மனைவியின் ஒரே தம்பி. வெள்ளந்தியான ஆள். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. மாமாவைப் பெரிய மனிதர்களோடு பார்த்ததும் எழுந்து நின்று ஒரு சலாம் வைத்தான்.

சூப்பரின்டெண்ட் சட்டைப் பையிலிருந்த பாக்கெட்டை உள்ளே அழுத்திவிட்டு வந்து நின்றார்.

"வர்ற சரக்குக்கெல்லாம் முத்திரை போட்டுத்தான் மேடம் உள்ள விடறோம். ஒரு பெட்டி தப்பாது."

"வெளிய போற சரக்கு?"

"வெளிய போகணும்னா ஏற்றுமதி அனுமதி வேணும். இதுவரைக்கும் ஒருத்தரும் வந்து கேக்கல. அனுமதி இல்லாம ஒரு பெட்டி வெளிய போக முடியாது. அதனால போகல."

அவர் முதுகுக்குப் பின்னால் லாரி ஒன்று பின்வாசலைத் தாண்டியது. ஹாரன் சத்தத்தில் கடைசிச் சொல் சரியாகக் கேட்டிருக்காது என்று நினைத்து, "போகல," என்று இன்னொரு முறை சொன்னார்.

கம்பவுண்டர் கையை நீட்டினார். "மேடம், அங்க பாருங்க..."

நிபுணர் திரும்பினார். லாரியைப் பார்த்தார். பிறகு மடிக்கணினியைப் பார்த்தார். "அது கண்ணால பார்க்கறது," என்றார். "கண்ணால பார்க்கறதை நாங்க எடுத்துக்கறதில்ல. ஒவ்வொருத்தர் கண்ணும் ஒவ்வொரு மாதிரி."

"அப்ப சட்டப்படி இவ்வளவு சிகரெட்டும் ஊருக்குள்ளதான் இருக்கு?" என்று இயக்குநர் அம்மாள் கேட்டார்.

"சட்டப்படி அப்படித்தான் மேடம்," என்றார் சூப்பரின்டெண்ட்.

"ஆனா ஊருக்குள்ள எங்கயும் குவிஞ்சு கிடக்கல."

"கிடக்கல மேடம்."

"அப்ப பிடிச்சுட்டாங்க," என்றார் அம்மாள். அவர் கண் கலங்கியது. ஒரு கணம் கவசத்தைக் கழற்றி மூக்கைத் துடைத்துக்கொண்டார். வெள்ளைச் சட்டைக்காரர் மட்டும் ஆற்றோரப் பாதையில் போகிற லாரியைப் பாசத்தோடு, தன் பிள்ளை பள்ளிக்கூடம் போவதைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலையே திட்டம் தயாராகிவிட்டது. ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கென்று இருந்த ஒரே அறையில் "புகை விடுப்பு மையம்" திறக்கப்படும். காய்ச்சல்காரர்கள் தாழ்வாரத்தில் படுத்துக்கொள்ளலாம், காற்றோட்டம் நல்லது. கம்பவுண்டர் இனி "புகை விடுப்பு அலுவலர்". புகையை விடுகிற ஒவ்வொருவருக்கும், நுரையீரல் பலப்படுவதற்காக, ஒரு புது சைக்கிள்.

"மேடம், விடறதுக்கு ஆள் இல்லையே," என்றார் கம்பவுண்டர்.

அம்மாள் அவரைத் தனியாக அழைத்துப்போனார். டாக்டர் அறைக்குள் நின்று பேசினார். அங்கே நாற்காலியும் மேஜையும் இருந்தன. தினமும் தூசி தட்டுவது கம்பவுண்டர்தான்.

"திட்டம் வெற்றியாச்சுன்னா, இந்த நாற்காலிக்கு ஒரு டாக்டரைப் போடச் சொல்லி நானே எழுதறேன். நீங்க இப்படி ஆள் இல்ல, ஆள் இல்லன்னு சொல்லிட்டிருந்தா நான் என்ன எழுதறது?"

கம்பவுண்டர் மேஜையைப் பார்த்தார். போன மழைக்காலத்தில் ஊர் வெல்டரின் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அந்த மேஜைமேல்தான் படுத்திருந்தார். ஆற்றில் வெள்ளம், படகு ஓடவில்லை. கம்பவுண்டரால் செய்ய முடிந்ததெல்லாம் அந்தப் பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது மட்டும்தான். அந்தக் கை விரல் விரலாகக் குளிர்ந்து வந்தது இன்னும் அவர் உள்ளங்கையில் இருந்தது.

"சரிங்க மேடம்," என்றார்.

மையத்தின் திறப்பு விழாவில் கம்பெனி மேலாளர் பேசினார். அவருக்குக் கணீரென்ற குரல்.

"பெரியோர்களே, எங்கள் தொழில் இன்று உலகம் முழுவதும் ஒரு சோதனையான காலத்தைக் கடந்துகொண்டிருக்கிறது. பழைய சந்தைகளில் எங்கள் வாடிக்கையாளர்கள் புகையை விடுகிறார்கள். விடாதவர்கள் உயிரை விடுகிறார்கள். இரண்டுமே விற்பனைக்கு உகந்ததல்ல. ஆகவேதான், இதுவரை யாருமே அக்கறை காட்டாத ஊர்களைத் தேடித் தேடி அக்கறை காட்டுகிறோம். உற்பத்தியைக் குறையுங்கள் என்று சிலர் கேட்கிறார்கள். குறைத்தால் புகையிலை பயிரிடுகிறவர் என்ன ஆவார், பெட்டி அடுக்குகிறவர் என்ன ஆவார்? அவர்களை நினைத்துத்தான் வருஷா வருஷம் கூட்டிக்கொண்டே போகிறோம். லாபம் என்பது அதோடு ஒட்டிக்கொண்டு வருகிற ஒரு சங்கடம். அதையும் சகித்துக்கொள்கிறோம்."

கைதட்டல் பலமாக இருந்தது. மேடைக்குப் பக்கத்தில் புது சைக்கிள்கள் வரிசையாக, கைப்பிடியில் உறைகூடப் பிரிக்காமல், வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தன. ஊர் அதைத்தான் பார்த்துக் கைதட்டியது.

மறுநாள் மையத்தின் வாசலில் திருவிழாக் கூட்டம். ஆளாளுக்கு நான் பிடிப்பேன், என் வீட்டுக்காரர் பிடிப்பார், என் மாமியார் பிடிப்பார் என்று சத்தியம் செய்தார்கள். ஆனால் மன்றம் ஒரு கருவி அனுப்பியிருந்தது. குழாயில் ஊத வேண்டும். புகைக்கிற நெஞ்சு என்றால் சிவப்பு விளக்கு எரியும், இல்லையென்றால் பச்சை. ஊதினார்கள். பச்சை, பச்சை, பச்சை. மாமியார் இரண்டு முறை ஊதினார். இரண்டு முறையும் இளந்தளிர்ப் பச்சை. சலூன்காரரைத் தவிர ஒருவருக்கும் சிவப்பு விழவில்லை.

கம்பவுண்டர் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டார். கருவியே உண்மையைச் சொல்லிவிட்டது, இனி மன்றம் நம்பித்தானே ஆகவேண்டும்? தொலைபேசியில் விவரம் சொன்னார்.

"மூச்சை அடக்கிட்டு ஊதறாங்க," என்றார் நிபுணர். "நாலாயிரம் பிடிக்கிறவங்களுக்கு அது ஒரு கலை. சிவப்பு வர்றவங்களை மட்டும் பதிவு பண்ணுங்க. அப்புறம் அவங்களைப் பச்சையாக்கி, சைக்கிள் கொடுங்க. சிவப்பே வரலன்னா திட்டம் தோல்வின்னு எழுத வேண்டியதுதான்."

தோல்வி என்ற சொல்லோடு டாக்டர் நாற்காலியும் கம்பவுண்டர் கண்முன் ஆடியது.

சைக்கிள் வேண்டுமானால் முதலில் சிவப்பு வேண்டும் என்பது ஊருக்குப் புரிய அரை நாள்கூட ஆகவில்லை. ஆனால் ஊரில் சிகரெட் எங்கே இருக்கிறது? அத்தனை லாரி போயும் ஒரு பாக்கெட் இறங்கியதில்லை. சலூன்காரரே தன்னுடையதை ஆற்றுக்கு அக்கரையிலிருந்துதான் வாங்கி வருவார். இந்தக் குறையைக் கேள்விப்பட்ட கம்பெனி மேலாளர் மனம் உருகி, "பரிசோதனையின் துல்லியத்துக்காக" நாலைந்து பெட்டி இலவசமாக அனுப்பிவைத்தார். மையத்தின் வாசலில் ஒரு தட்டில், பொட்டலம் பிரித்து, எடுத்துக்கொள்ளத் தோதாக அடுக்கி வைக்கப்பட்டன. கூடவே தீப்பெட்டி.

அடுத்த சிக்கல், ஒருவருக்கும் பிடிக்கத் தெரியவில்லை. சலூன்காரரை "செயல்முறைப் பயிற்றுநர்" என்று நியமித்து மன்றம் சம்பளம் போட்டது.

"வாயில வச்சு ஊதித் தள்ளறீங்களே, இது என்ன ஊதுபத்தியா?" என்று தாழ்வாரத்தில் நின்று அவர் பாடம் நடத்துவார். "நெஞ்சுவரைக்கும் இழுக்கணும். கண்ணுல தண்ணி வரும், பரவால்ல. ரெண்டாவது நாள் வராது."

காய்ச்சலில் படுத்திருந்தவர்கள் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டித் தனக்கும் ஒன்று கேட்டார்.

கம்பவுண்டர் உள்ளே உட்கார்ந்து சிவப்பு விளக்கை எண்ணிக்கொண்டிருந்தார். டாக்டர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஒரு நாள் குழாயின் மறுமுனையில் நிமிர்ந்து பார்த்தால், மச்சினன்.

"மாப்ள, உனக்கு எதுக்குடா இது? நீ முகர்ந்து பார்த்ததுகூட இல்லயே."

"வீட்டுக்காரிக்கு ஒரு சைக்கிள் மாமா. பேக்கிங் கொட்டாய் வேலைக்குத் தினம் நடந்தே போய் நடந்தே வர்றா. கால் வீங்கிக் கிடக்கு. நாலு நாள் பிடிச்சுட்டு விட்டுடறேன். எல்லாரும் அப்படித்தானே பண்றாங்க?"

கம்பவுண்டர் குழாயைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கலாம். இழுக்கவில்லை. "நெஞ்சுக்குள்ள ரொம்ப இழுக்காத," என்று மட்டும் சொன்னார். விளக்கு சிவப்பாக எரிந்தது.

எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள் என்பது உண்மைதான். சிவப்பு வாங்கி, சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்து, பச்சை வாங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். போகிற வழியில் அந்தச் சந்தோஷத்தில் ஒன்று பற்றவைத்தார்கள். மாலை நேரத்தில் கடைவீதியில் பார்த்தால் புது சைக்கிள்கள் மணியடித்துக்கொண்டு போகும். ஒவ்வொன்றின் மேலும் உதட்டில் சிகரெட்டோடு ஒரு "முன்னாள் புகைப்பாளர்". தட்டில் இருந்த இலவசம் தீர்ந்ததும், மேலாளர் ஊரின் சிரமத்தை உணர்ந்து பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை திறக்க ஏற்பாடு செய்தார். லாரி வரத் தொடங்கிய நாளிலிருந்து அன்றுதான் முதல் பெட்டி உண்மையாகவே ஊருக்குள் இறங்கியது.

மச்சினனுக்கு மட்டும் பச்சை விழவில்லை. ஊதுவான்; சிவப்பு. ஒரு வாரம் கழித்து வருவான், சிவப்பு. "நேத்து ஒண்ணுதான் மாமா," என்பான். விரல் நுனி மஞ்சளாகியிருக்கும். எடைமேடையில் ஏணி ஏறி இறங்கும்போது நடுவில் நின்று மூச்சு வாங்குவதாக யார்டில் சொன்னார்கள். அவன் மனைவி இன்னும் நடந்துதான் போய்க்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் அவன் அக்காவைப் பார்க்க வந்தான். பேசிக்கொண்டிருக்கும்போதே இருமல் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டான். அவன் போன பிறகு அவள் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். தைக்கவில்லை.

"அவனுக்குச் சிவப்பு போட்டது யாரு?" என்று கேட்டாள்.

"மிஷின்தான்..."

"குழாயை நீட்டினது?"

கம்பவுண்டர் தலையைக் குனிந்துகொண்டார். "டாக்டர் வந்துட்டா..."

"டாக்டர் வந்து என்ன பண்ணுவாரு? நீங்க ஒவ்வொருத்தரா நோயாளி ஆக்கி வச்சிருங்க, அவரு வந்து ஒவ்வொருத்தரா பாத்துக்கட்டும்."

அதற்குப் பிறகு அவள் அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். சாப்பாடு மேஜைமேல் இருக்கும். தட்டை வைக்கிற சத்தத்தில் மிச்சத்தை அவர் புரிந்துகொள்ள வேண்டும்.

இதற்கிடையில் ஆற்றின் மேல்பக்கம், இன்னொரு ஊரில் புதுப் பாலம் ஒன்று திறந்தார்கள். லாரிகளுக்கு அந்த வழி சுருக்கம். கஸ்டம்ஸ் சூப்பரின்டெண்ட் பதவி உயர்வோடு அந்த ஊருக்கு மாற்றலாகிப் போனார். முத்திரையும் அவரோடு போனது. ஒரே மாதத்தில் இந்த ஊர் யார்டில் புல் முளைத்துவிட்டது. மன்றத்தின் கணக்கில் ஊரின் சிகரெட் தலைக்கு நாலாயிரத்திலிருந்து பூஜ்யத்துக்கு விழுந்தது. கம்பெனி மேலாளர் திறந்த கடைச் சரக்கு எந்த முத்திரையும் இல்லாமல் வந்துகொண்டிருந்ததால் அது கணக்கில் சேரவில்லை.

மன்றத்தார் மறுபடியும் மூன்று கார்களில் வந்தார்கள். இந்த முறை முகக்கவசம் இல்லை. பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். பந்தலுக்குள் நல்ல புகை. முதல் வரிசையில் உட்கார்ந்தவர்களுக்கே மேடையில் இருப்பவர் முகம் மங்கலாகத்தான் தெரிந்தது.

"மனித வரலாற்றில்," என்று இயக்குநர் அம்மாள் ஆரம்பித்தார். கொஞ்சம் இருமினார். "மனித வரலாற்றில் ஓர் ஊர் முழுவதும் ஒரே காலாண்டில் புகையை அடியோடு விட்டது இதுவே முதல் முறை. இது எப்படி முடிந்தது என்று உலகம் எங்களைக் கேட்கிறது. எங்களுக்கும் தெரியாது என்று அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறோம். ஒன்று மட்டும் உறுதி: நாங்கள் இல்லாமல் இது நடந்திருக்காது."

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். பக்கத்தில் இருந்தவருக்குத் தொற்றியது. கொஞ்ச நேரத்தில் பந்தல் முழுக்க ஒரே இருமல். பேச்சை நிறுத்த வேண்டியதாயிற்று.

அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டார். "இதுதான்," என்றார் தழுதழுத்த குரலில். "பழைய நஞ்சு உடலை விட்டு வெளியேறும் ஓசை."

கம்பவுண்டருக்கு ஒரு கேடயம் கொடுத்து ஒலிபெருக்கியையும் கையில் திணித்தார்கள். அவர் கூட்டத்தில் மனைவியைத் தேடினார். அவள் வரவில்லை. கடைசி வரிசையில் மச்சினன் மட்டும் சைக்கிள் ஸ்டாண்டில் சாய்ந்து நின்றான்.

"மேடம், முன்னாடி இந்த ஊர்ல மூணு பேர் பிடிச்சாங்க," என்றார். "இப்ப வீட்டுக்கு ஒருத்தர் பிடிக்கிறாங்க. நீங்க வந்த அப்புறம்தான். நானும் சேர்ந்துதான் பழக்கிவிட்டேன்."

அம்மாள் சிரித்தபடி ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார். "களப்பணியாளர்களுக்கே உரிய அடக்கம்," என்றார். பந்தல் கைதட்டியது. பாதிப் பேர் ஒரு கையால்தான் தட்ட முடிந்தது. இன்னொரு கையில் சிகரெட் இருந்தது.

விழா முடிந்து கார் ஏறும்போது கம்பவுண்டர் ஓடிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டார். "மேடம், டாக்டர்?"

"டாக்டரா?" அம்மாளுக்கு உண்மையாகவே ஆச்சரியம். "நோயாளி இருக்கிற ஊருக்குத்தானே டாக்டர்? உங்க ஊர் இப்ப ஆரோக்கியத்துல முதலிடம். டாக்டர் போஸ்டே வேண்டாம்னு எடுத்துட்டாங்க. பெருமைப்படுங்க."

"அப்ப பழக்கத்தை விடறதுக்கு மருந்து ஏதாவது? என் மச்சினனால விட முடியல மேடம். கெஞ்சிக் கேக்கறேன். இந்த ஊதற மிஷினையாவது விட்டுட்டுப் போங்க."

நிபுணர் முன் இருக்கையிலிருந்து திரும்பினார். "தணிக்கையில மாட்டுவோம் சார். ஒருத்தர்கூடப் புகைக்காத ஊருக்கு எதுக்கு மிஷின்னு கேப்பாங்க. அது பாலத்து ஊருக்குப் போகுது. அங்க நிலைமை மோசம். தலைக்கு ஆறாயிரம்."

வெள்ளைச் சட்டை மேலாளர் பின் காரிலிருந்து கையசைத்துவிட்டுப் போனார்.

கம்பவுண்டர் கேடயத்தோடு நேராக யார்டுக்குப் போனார். லாரி வராத எடைமேடையில் மச்சினன் கால் நீட்டி உட்கார்ந்து ஒன்று பற்றவைத்துக்கொண்டிருந்தான். இவரைப் பார்த்ததும் அணைக்கப் போனான். அணைக்க மனம் வராமல் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். அவனைவிட இவருக்குத்தான் வெட்கமாக இருந்தது.

"மாப்ள, தப்பு என்னுது. அன்னைக்கே உன்னைத் துரத்தி விட்டிருக்கணும்."

"நான்தானே மாமா வந்தேன்." பின்வாசல் பக்கம் பார்த்தான். "மேடையில நீங்க சொன்னது கேட்டுச்சு. எனக்கு இனிமே சைக்கிள் வேண்டாம். இது போனா போதும். போக மாட்டேங்குது."

"நம்ம வீட்டுக்கு வா. கொஞ்ச நாள் அங்கேயே இரு. என்கிட்ட மருந்தெல்லாம் ஒண்ணும் இல்ல. ஆனா நான் இருக்கேன்."

அவனும் அவன் மனைவியும் துணிமணியோடு வந்தார்கள். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. பாயை எடுத்துப் போட்டாள். அந்த நாட்கள் சுகமாகப் போகவில்லை. அவன் காரணமில்லாமல் கத்தினான். ஒரு டம்ளரைச் சுவரில் எறிந்தான். கடைக்குப் போய்வருகிறேன் என்று கிளம்பி இரண்டு முறை ஏமாற்றினான். மூன்றாவது முறை கம்பவுண்டர் கூடவே நடந்தார். பஸ் நிலையத்துக் கடை வந்ததும் இருவரும் நின்றார்கள், அவன் நெற்றி வியர்த்தது, இவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை சூடாக இருந்தது. வெகுநேரம் நின்றுவிட்டு, ஒன்றும் வாங்காமல் திரும்பினார்கள்.

மறுநாள் காலை அவன் அக்காவின் எதிரே வந்து குற்றவாளிபோல நின்றான். "அக்கா, நேத்து பிடிக்கல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நம்பறதா?"

"மிஷின் இருந்தா ஊதிக் காட்டுவேன்."

"மிஷின் எதுக்கு? இங்க ஊது."

முகத்தைக் காட்டினாள். அவன் தயங்கி, குனிந்து ஊதினான். அவள் கண்ணைச் சுருக்கி, மூக்கை விரித்து, அக்கறையோடு முகர்ந்தாள். கம்பவுண்டர் கதவோரம் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ம்," என்றாள். பிறகு, எத்தனையோ நாளைக்கப்புறம், கணவர் பக்கம் திரும்பினாள். "இன்னும் லேசா இருக்குங்க. நாளைக்கும் வந்து ஊதச் சொல்லுங்க."

இந்தச் செய்தி எப்படியோ தெருவில் பரவிவிட்டது. அடுத்த வாரம் ஒரு காலையில் கம்பவுண்டர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினால் வாசலில் நாலைந்து சைக்கிள்கள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. உள்ளே தையல் மிஷினுக்கு எதிரே, வாயைக் கொப்பளித்துக்கொண்டு வந்து ஏமாற்றப் பார்த்த ஒரு மாமியார் உட்பட, ஆட்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். மனைவி பல்லால் நூலைக் கடித்துத் துப்பிவிட்டு, மிஷினை மிதித்தபடியே, "அடுத்தது யாரு? ஊதுங்க," என்றாள்.